கீசர் சுடவில்லையா? ‘காயில் போச்சு’ என்று முடிவு கட்டும் முன்

டெல்டாக்காரர்களுக்குக் கீசர் நினைவுக்கு வருவது ஐப்பசியில்தான். பங்குனி தொடங்கிப் புரட்டாசி வரை மேல்தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாக இறங்கும் ஊரில் அதை யார் தொடப் போகிறார்கள்? அடைமழை பிடித்த பிறகு, தீபாவளிக்கு முந்தின ராத்திரி, விடிகாலை எண்ணெய்க் குளியலை உத்தேசித்துச் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பார்கள். அரை மணி கழித்துக் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர்.

அன்றைக்கு எலக்ட்ரீசியன் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்து வந்தாலும், மூடியைக் கழற்றும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: “காயில் போயிடுச்சு சார், மாத்திடலாம்.” (தொட்டிக்குள் தண்ணீரைச் சுடவைக்கும் கம்பிதான் காயில்.) சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் நம் பக்கத்தில் காயிலுக்கு முன்னால் சந்தேகப்பட வேண்டியவை மூன்று உண்டு: கரண்ட் ஒழுங்காக வராதது, சூடான தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலப்பது, உள்ளே உப்பு கட்டியிருப்பது. இவற்றைப் பார்க்காமல் காயிலை மட்டும் மாற்றினால், புதுக் காயிலும் பழைய வேலையையே செய்யும்.

இங்கே சொல்லப்போவது சுவரில் மாட்டும் 10, 15, 25 லிட்டர் தொட்டிக் கீசர்களுக்கு. கேஸ் கீசருக்கு இது பொருந்தாது. அதை அதற்கென்று தெரிந்தவரைத் தவிர யாரும் திறக்கக் கூடாது.

நோய் என்ன என்று முதலில் தெரிய வேண்டும்

“சுடலை” என்று ஒரே வார்த்தையில் சொல்வது பல வேறு குறைகளை. தண்ணீர் கொஞ்சம்கூடச் சூடாகவே இல்லையா? சூடாகிறது, ஆனால் ஒரு மணி நேரம் ஆகிறதா? முதல் அரை வாளி கொதிக்கக் கொதிக்க வந்து, அப்புறம் சட்டென்று ஆறிவிடுகிறதா? கீசருக்குக் கீழே உள்ள வெந்நீர்க் குழாய் கையைச் சுடுகிறது, ஷவரில் மட்டும் வெதுவெதுப்பா? சுவிட்சைப் போட்டதும் வீட்டு மெயின் விழுகிறதா?

இதை ஒரு நாள் கவனித்து வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. கொஞ்சமும் சூடாகாவிட்டால் கரண்ட், கட்-அவுட் (சூடு மீறினால் காயிலை நிறுத்தும் பொத்தான்), காயில் என்ற வரிசையில் போக வேண்டும். மெதுவாகச் சூடானால் வோல்டேஜ், உப்பு. முதலில் சுட்டுப் பிறகு ஆறினாலோ, ஷவரில் மட்டும் சுடாவிட்டாலோ தண்ணீர் போகும் பாதையைத்தான் பார்க்க வேண்டும். காயில் மேல் பழி இல்லை. மெயின் விழுந்தால் மின்கசிவு. அப்போது திரும்பத் திரும்ப மெயினைத் தூக்கிவிட்டுச் சோதிக்க வேண்டாம்.

கை வைக்கும் முன்

சுவிட்சை அணைப்பது போதாது. கீசர் சுவிட்ச் பெரும்பாலும் ஒரு கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். அது ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலில் போடப்பட்டிருந்தால், சுவிட்ச் அணைந்திருக்கும், உள்ளே உயிர் இருக்கும். ஆகவே மெயின் போர்டில் அந்த லைனின் எம்சிபியை (ஃபியூஸுக்குப் பதிலாக இருக்கும் தானியங்கிச் சுவிட்ச்) இறக்கிவிடுங்கள். பழைய வீடாக இருந்தால் ஃபியூஸ் கட்டையையே உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு யாரும் தெரியாமல் செருகிவிட முடியாது. பிளக்கையும் கழற்றிவிட வேண்டும். மூடியைத் திறந்ததும் டெஸ்டர் வைத்து ஒரு முறை பார்த்த பிறகே விரல் போகலாம்.

தரை காய்ந்திருக்க வேண்டும், காலில் ரப்பர் செருப்பு வேண்டும். கீசர் அண்மையில் ஓடியிருந்தால் தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள். இதில் எதிலாவது தயக்கம் இருந்தால் தண்ணீர்ப் பாதைச் சோதனைகளை மட்டும் நீங்கள் செய்துவிட்டு, மின்சார வேலையை ஆளிடம் விடுவதுதான் நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கரண்ட் வருகிறதா, முழுசாக வருகிறதா

மும்முனை இணைப்பு உள்ள வீடுகளில் அடிக்கடி நடப்பது இது. லைட் எரியும், ஃபேன் ஓடும், கீசர் மட்டும் செத்துக் கிடக்கும். டிரான்ஸ்பார்மரில் ஒரு ஃபேஸ் போயிருக்கும். கீசர் அந்த ஃபேஸில் இருக்கும். இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீட்டில் இது இன்னும் ஏமாற்றும், ஏனென்றால் கரண்ட் போனதே தெரியாது. மெயின் போர்டில் மூன்று ஃபேஸ் விளக்கும் எரிகிறதா என்று பாருங்கள். ஒன்று அணைந்திருந்தால் ஃபேஸ் மாற்றும் சுவிட்சைத் திருப்புங்கள், அல்லது லைன்மேனுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

அடுத்தது பிளக். 2,000 வாட் கீசர் 230 வோல்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் என்றால் 13 ஆம்பியர். இதற்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும் தனி லைனும் வேண்டும். பிளக்கை உருவி வெளிச்சத்தில் பாருங்கள். மூன்று பின்னில் ஒன்று மட்டும் பழுப்பேறி, அதைச் சுற்றிய வெள்ளைப் பிளாஸ்டிக் டிகாஷன் நிறத்தில் குழைந்திருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் கருகிய வாடை. சாக்கெட்டின் பிடி தளர்ந்து, அந்த இடத்திலேயே சூடேறியிருக்கிறது என்று அர்த்தம். பின்னை உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பச் செருகுவது வைத்தியம் ஆகாது. பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்ற வேண்டும், உள்ளே கம்பி கருகியிருந்தால் கருகிய அளவுக்கு வெட்டிவிட்டுப் புதிதாக முடுக்க வேண்டும்.

டெஸ்டர் எரிகிறது, கீசர் ஓடவில்லை என்றால் நியூட்ரலைச் சந்தேகியுங்கள். கீசரைச் செருகிச் சுவிட்ச் போட்ட நிலையில், அதன் இரண்டு முனையிலும் டெஸ்டர் எரிந்தால் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. இதை எலக்ட்ரீசியன் பார்க்கட்டும். புயல் காற்றுக்குப் பிறகு இன்னும் கவனம் தேவை. 2018 நவம்பர் 16-ல் கஜா கரை கடந்தபோது வேதாரண்யம் பக்கத்தில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. அப்படி ஒரு சீரமைப்புக்குப் பிறகு கரண்ட் வரும்போது நியூட்ரல் சரியாக இணையாதிருந்தால், 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கக்கூட வரும். முதலில் ஒரு பழைய குண்டு பல்பைப் போட்டு, அது வழக்கத்தைவிடப் பளீரென்று எரியாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு மற்றவற்றைப் போடலாம்.

இனி வோல்டேஜ். லைன் கடைசியில் இருக்கும் தெருக்களில், சுற்றுவட்டாரத்துப் பம்புசெட்டுகள் எல்லாம் ஓடும் நேரத்தில் 180 வோல்ட்தான் நிற்கும். 230-க்கு 180 என்றால் கால்வாசி கூடக் குறையவில்லையே என்று தோன்றும். ஆனால் காயில் தரும் சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. அதனால் 2,000 வாட் காயில் 180 வோல்டில் 1,225 வாட்டாகச் சுருங்கிவிடும். 27 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்கு வர, முழு வோல்டேஜில் 17 நிமிடம். 180-ல் 28 நிமிடம். 25 லிட்டர் தொட்டிக்கு 29 நிமிடம் ஆவது 47 நிமிடமாக நீளும். கீசரில் ஒரு குறையும் இருக்காது. இந்தக் கணக்கு தெரியாமல் காயிலை மாற்றியவர்கள் ஏராளம். விடிகாலை நான்கு மணிக்குப் போட்டுப் பார்த்து, வழக்கம்போல் சூடானால் விஷயம் வோல்டேஜ்தான். தெருவே அப்படித்தான் இருக்கிறது என்றால் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து மின்வாரியத்தில் எழுதிக் கொடுப்பதுதான் வழி. சாதாரண டிவி ஸ்டெபிலைசரில் கீசரை மாட்டாதீர்கள், அது தாங்காது.

பச்சைத் தண்ணீர் எங்கே கலக்கிறது

கருவி எதுவும் வேண்டாத சோதனை ஒன்று. கீசருக்குப் போகும் பச்சைத் தண்ணீர் வால்வை முழுசாக மூடுங்கள். இப்போது வெந்நீர்க் குழாயை மட்டும் திறங்கள். கொஞ்சம் வந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், அந்தத் தண்ணீர் கீசர் வழியாக வரவில்லை. வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் மிக்சர் குழாய் வழியாகப் பச்சைத் தண்ணீர் வெந்நீர்ப் பைப்புக்குள் ஏறுகிறது. (வால்வே சரியாக மூடாமலும் இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.)

காரணம் பல நேரம் அற்பமானது. கைஷவரின் முனையில் இருக்கும் பொத்தானை மட்டும் அழுத்தி நிறுத்திவிட்டு, மிக்சரின் இரண்டு குமிழையும் திறந்தபடி விட்டுவிடுவோம். உள்ளே இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். குமிழ்களை மூடும் பழக்கம் வந்தாலே சரியாகும். அப்படி இல்லையென்றால் மிக்சர் உள்ளே இருக்கும் வாஷரோ கார்ட்ரிட்ஜோ தேய்ந்திருக்கும், பிளம்பர் மாற்றிவிடுவார்.

புது வீட்டில், அல்லது பெயிண்ட் அடிக்கக் கழற்றி மாட்டிய பிறகு இந்தத் தொல்லை வந்தால் பைப்பை மாற்றி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். நீல வளையம் பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் வழி, சிவப்பு வெந்நீர் வெளியே வரும் வழி. நிமிர்ந்த கீசரில் வெந்நீர் எடுக்கும் குழல் உள்ளே தொட்டியின் மேல்மட்டம் வரை போகும், ஏனென்றால் சூடான தண்ணீர் மேலேதான் தேங்கும். இரண்டும் மாறிவிட்டால் பச்சைத் தண்ணீர் மேலே கொட்டி, வெந்நீரில் கலந்து, வெதுவெதுப்பாகக் கீழ்வழியே வரும். எவ்வளவு நேரம் போட்டாலும் சூடு நிற்காது. அந்த உள்குழல் உப்பில் அரித்து ஒடிந்துபோனாலும் இதே கதைதான்.

தண்ணீர் சன்னமாக வந்தால் ஷவர் துளைகளையும் குழாய் முனைச் சல்லடையையும் கழற்றி உப்பைத் தட்டுங்கள்.

சிவப்புப் பொத்தான்

கரண்ட் சரி, தண்ணீர்ப் பாதை சரி என்ற பிறகுதான் அடி மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே இரண்டு காவல்காரர்கள். தெர்மோஸ்டாட் நாம் வைத்த சூட்டில் காயிலை நிறுத்தும், ஆறினால் திரும்பப் போடும். அது நிறுத்தத் தவறினால் தண்ணீர் கொதிநிலைக்குப் போகாமல் காப்பது கட்-அவுட். பல மாடல்களில் அது ஒரு சிறு சிவப்புப் பொத்தான்; விழுந்திருந்தால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு உள்ளே அழுந்தும். அழுத்தியதும் கீசர் ஓடத் தொடங்கினால் சந்தோஷப்படலாம், ஆனால் அது ஏன் விழுந்தது என்ற கேள்வி நிற்கிறது. ஒரு தடவை தற்செயலாக விழுந்திருக்கலாம். மறுபடி விழுந்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது உப்பு ஓடு சூட்டைத் தண்ணீருக்குப் போகவிடாமல் அங்கேயே தேக்குகிறது.

மல்டிமீட்டர் இருந்தால், ஆறிய கீசரில், கம்பிகளைக் கழற்றிவிட்டு, தெர்மோஸ்டாட்டின் இரண்டு முனைக்கு நடுவே ஓம் பாருங்கள். பூஜ்யத்துக்கு அருகே காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் போய்விட்டது. கம்பிகளைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிது வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள், தெர்மோஸ்டாட்டின் உணர்கம்பி நீளம் மாடலுக்கு மாடல் மாறும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். “தெர்மோஸ்டாட் கடையில இல்லீங்க, இப்போதைக்கு டைரக்ட் குடுத்துடறேன்” என்று சொல்லும் ஆளை அப்படியே வாசலுக்கு அனுப்புங்கள். டைரக்ட் கொடுத்த கீசரில் சூட்டை நிறுத்த யாருமில்லை. அதோடு, அழுத்தம் கூடினால் திறந்துவிடும் சேஃப்டி வால்வும் உப்பில் அடைத்திருந்தால் தொட்டி வெடிக்கும் அளவுக்கு உள்ளே அழுத்தம் ஏறும். சேஃப்டி வால்விலிருந்து சொட்டுகிறது என்று அதன் வாயில் டெஃப்லான் டேப் சுற்றி அடைப்பதும் இதே வகைப் புத்திசாலித்தனம். சூடாகும்போது நாலு சொட்டு விடுவது அதன் வேலை.

காயிலுக்கு இப்போது வரலாம்

கம்பிகளைக் கழற்றிவிட்டு காயிலின் இரண்டு முனைக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 230 வோல்ட், 2,000 வாட் காயில் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். 3,000 வாட் என்றால் சுமார் 17 அல்லது 18. இதையொட்டி வந்தால் காயில் நன்றாக இருக்கிறது, யார் என்ன சொன்னாலும். முடிவிலி காட்டினால்தான் அறுந்திருக்கிறது.

பிறகு ஒரு முனையிலிருந்து கீசரின் இரும்பு உடம்புக்குப் பாருங்கள். தொடர்பே இருக்கக் கூடாது. கொஞ்சம் காட்டினாலும் காயிலின் மேலுறை விரிசல் விட்டுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுவதற்குக் காரணம் அதுவே. குழாயைத் தொட்டால் ‘சுர்’ரென்கிறது என்று யாராவது சொன்னால் அன்றோடு கீசரை நிறுத்துங்கள். காயிலை மாற்றுவதோடு எர்த்தும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் கீசர் வைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்தி, விழுகிறதா என்று பார்க்கவும் வேண்டும்.

உப்பு: நம் ஊர்க் கீசரின் உண்மையான எதிரி

கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர் வரும் வீட்டுக்கும், போர் தண்ணீரில் ஓடும் வீட்டுக்கும் கீசரின் ஆயுளில் பெரிய வித்தியாசம் உண்டு. நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி என்று கடலோரம் போகப் போக நிலத்தடி நீர் கரிக்கும். உள்ளே கும்பகோணம், மன்னார்குடி பக்கம் நாக்குக்கு உப்புத் தெரியாது. ஆனால் சோப்பு நுரைக்காது. கடினத்தன்மை வேறு, உப்புக் கரிப்பு வேறு. முன்னது காயிலில் ஓடு கட்டும், பின்னது தொட்டியை அரிக்கும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. 600 குடிக்க முடியலாம், கீசருக்கு அது அதிகம்தான்.

கரைந்திருக்கும் கால்சியம், தண்ணீர் சூடாகும்போது சுண்ணாம்பாகப் பிரிந்து, எது மிகச் சூடாக இருக்கிறதோ அதன் மேலேயே படியும். அது காயில். விறகடுப்பில் வெந்நீர்த் தவலை வைத்திருந்த வீடுகளில் தவலையின் உட்புறம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்குமே, அதேதான். தவலையைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துவிடலாம். கீசருக்குள் அது வருஷக்கணக்காக யார் கண்ணிலும் படாமல் வளர்கிறது. சூடாகும்போது உள்ளேயிருந்து ‘சடசட’ என்று சத்தம் வந்தால் ஓட்டுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் கொதிக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

கழற்றும் முறை இது. எம்சிபி இறங்கியிருக்க, பச்சைத் தண்ணீர் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்தே விடுங்கள்; காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் இறங்கும். கீழே வாளி வைத்து, நீல வளையப் பக்கத்து இணைப்புப் பைப்பைக் கழற்றினால் தொட்டி வடியும். அடியில் கொஞ்சம் தேங்கும், அது காயில் பொருத்திய அடிப் பிளேட்டைக் கழற்றும்போது கையில் கொட்டும். மின்கம்பிகளை விலக்கிவிட்டு, பிளேட்டின் நட்டுகளை எதிரெதிராகத் தளர்த்துங்கள். பிளேட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட் உப்பில் ஒட்டிக் கிடக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தொட்டியின் விளிம்பில் இருக்கும் கண்ணாடிப் பூச்சு பெயர்ந்துவிடும். மரத்துண்டு வைத்து மெதுவாகத் தட்டுங்கள்.

வெளியே வரும் காயிலைப் பார்த்தால் அது காயில் மாதிரியே இருக்காது. விரல் தடிமன் கம்பி, மூன்று விரல் தடிமனுக்கு வெள்ளையும் செம்மண் நிறமுமாக அடுக்கடுக்காகப் பொருக்குக் கட்டி, வளைவுகளின் இடைவெளியே மறைந்திருக்கும். தொட்டியின் அடியில் உதிர்ந்த செதில்கள் இரண்டு கை நிறைய வரும்.

சுத்தியல் வேண்டாம். பிளாஸ்டிக் வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) கரைத்து, காயில் பகுதி மட்டும் மூழ்கும்படி வையுங்கள். மின்முனைகள் நனையக் கூடாது. நுரைத்துக்கொண்டு கரையும். இரண்டு மணி நேரம் கழித்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மிச்சம் இருந்தால் புதுக் கரைசலில் மறுபடி ஊறவையுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் கண்டிப்பாகக் கூடாது. உப்போடு சேர்த்து உலோகத்தையும் தின்றுவிடும். தொட்டிக்குள் கையை விட்டு வழித்தெடுத்து, வால்வைக் கொஞ்சம் திறந்து பீய்ச்சவிட்டுக் கழுவினால் போதும்.

பிளேட்டிலேயே காயிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி இருக்கும்: மெக்னீசியம் ஆனோடு. தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைந்துபோவதற்கென்றே வைத்தது. நடுக்கம்பி வெளியே தெரியும் அளவுக்குக் கரைந்திருந்தால் மாற்றுங்கள். இதைப் பெரும்பாலான மெக்கானிக்குகள் கண்டுகொள்வதேயில்லை. கடலோர வீடுகளில் தொட்டி ஓட்டையாகிக் கீசர் முழுசாகப் போவதற்கு முதல் காரணம் ஆனோடு தீர்ந்து வெகு நாளானதுதான்.

மாட்டும்போது கேஸ்கெட் புதிது. நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். அப்புறம் அவசரப்படாமல் வால்வைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று தும்மித் தும்மி அடங்கி, தண்ணீர் ஒரே சீராக விழும்வரை விடுங்கள். கசிவு இல்லை என்று பார்த்து, மூடியைப் போட்ட பிறகே கரண்ட். வெறும் தொட்டியில் சுவிட்ச் போட்டால் புதுக் காயில்கூடச் சில நிமிடத்தில் எரிந்துபோகும்.

சூட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு ஏற ஏற உப்புப் படிவதும் ஏறும். போர் தண்ணீர் வீட்டில் புரட்டாசியில் வருஷம் ஒரு முறை இந்த வேலையை முடித்துவிட்டால் தீபாவளிக்குத் தொல்லை இல்லை; ஆளும் கிடைப்பார்.

எப்போது கைவிடலாம்

கேஸ்கெட்டிலோ இணைப்பிலோ கசிந்தால் சரிசெய்யலாம். தொட்டியின் உடம்பிலிருந்தே கசிந்தால் வெல்டிங், எம்-சீல் எதுவும் நிற்காது. வெந்நீர் மட்டும் துருநிறத்தில் வந்தால் அதற்கு முந்தின கட்டத்தில் இருக்கிறது.

புதிது வாங்கும்போது ஐ.எஸ். 2082 எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். கடலோரமாக இருந்தால் கண்ணாடிப் பூச்சு அல்லது பிளாஸ்டிக் தொட்டி எடுங்கள், ஆனோடு தனியாகக் கடையில் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். தண்ணீர் நிறைந்த 25 லிட்டர் கீசர் 30 கிலோவுக்கு மேல் எடை நிற்கும். சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய பழைய ஓட்டு வீட்டுச் சுவரில் சாதாரண ராவல் பிளக் பிடிக்காது, சுவருக்கு மறுபக்கம் வரை போல்ட் விட்டு, தகடு வைத்து முடுக்கச் சொல்லுங்கள். பிளம்பர் வந்திருக்கும்போதே பச்சைத் தண்ணீர்ப் பைப்பில் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பால் வால்வும், அதற்கும் கீசருக்கும் நடுவே தொட்டியை வடிக்க ஒரு டீ (T) இணைப்பும் சின்னக் குழாயும் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த புரட்டாசியில் பைப்பைக் கழற்றாமலே தொட்டியை வடித்துவிடலாம்.